நகர்த்தும் கோழிக்கூண்டு கட்டும் முறை

தமிழ்நாட்டு வீடுகளுக்கு நகரும் கோழிக்கூண்டு புதியதல்ல. பஞ்சாரம் அதுதான். மூங்கில் சிம்பால் முடைந்த பெரிய கூடை, உச்சியில் கை நுழையும் அளவுக்கு ஒரு வாய். காலையில் தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் வாசலில் கவிழ்த்து மூடுவார்கள். வெயில் ஏறியதும் அப்படியே தரையோடு இழுத்து வேப்பமர நிழலில் விடுவார்கள். ஒரு கையால் நகர்த்திவிடலாம் என்பதே பஞ்சாரத்தின் பெரிய குணம். ஆனால் அதில் வளர்ந்த கோழிகள் நான்கை நாள் முழுவதும் அடைத்து வைக்க முடியாது. நாய் மூக்கால் நெம்பினால் கவிழும், மழை தாங்காது, கோழி ஏறி உறங்கக் குறுக்குக் கொம்பு கிடையாது. பஞ்சாரத்தின் எளிமையைக் கைவிடாமல் இந்தக் குறைகளை நீக்கினால் கிடைப்பதுதான் இங்கே சொல்லப்படும் கூண்டு: நான்கு கோழிகளுக்கானது, அடி திறந்த மேய்ச்சல் பகுதியும் அடைப்பான உறங்கும் அறையும் கொண்டது, ஒருவரே தள்ளிச் செல்லக்கூடியது.

கூண்டை ஏன் நகர்த்த வேண்டும்? வளர்ந்த கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிராம் ஈர எச்சம் போடும். நான்கு கோழிகள் ஒரே இடத்தில் நின்றால் பத்து நாளில் நான்கு கிலோ. புல் கருகும், ஈ மொய்க்கும், அம்மோனியா நெடி எழும். இவற்றைவிடக் கேடானது ரத்தக் கழிச்சல். இந்நோயை உண்டாக்கும் நுண்ணுயிரியின் முட்டைகள் எச்சத்தோடு வெளியே வரும்போது உடனே நோயைத் தருவதில்லை. ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள மண்ணில் ஒன்றிரண்டு நாள் கிடந்து முதிர்ந்த பிறகுதான் அவை அடுத்த கோழியைப் பிடிக்கும். தினமும் கூண்டை நகர்த்தினால் அவை முதிர்வதற்குள் கோழிகள் வேறிடம் போய்விடுகின்றன. வாரம் ஒருமுறை நகர்த்தினால் இந்தப் பலன் கிடைக்காது.

தினமும் நகர்த்த வேண்டும் என்பதே கூண்டின் எடையைத் தீர்மானிக்கிறது. ஆசையோடு கட்டிய எத்தனையோ நகரும் கூண்டுகள் மூன்றாவது வாரத்திலேயே ஒரு மூலையில் நிலைத்துப் போகின்றன. காரணம் சோம்பலல்ல, பாரம். புறக்கடைக் கோழி வளர்ப்பு பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கையில் இருக்கிறது. காலைப் பரபரப்பில் துணைக்கு ஆள் கூப்பிட்டுத்தான் கூண்டைத் தூக்க முடியும் என்றால் அது நகராது. ஆகவே ஓர் அளவுகோல் வைத்துக்கொள்வது நல்லது: கைப்பிடியைத் தூக்கும்போது கையில் விழும் பாரம் ஒரு குடம் தண்ணீரைத் தாண்டக் கூடாது. கீழே வரும் ஒவ்வொரு முடிவும் இந்தக் குடத்தை வைத்தே எடுக்கப்பட்டது.

கூண்டின் நீளம் 6 அடி, அகலம் 3 அடி, உயரம் இரண்டரை அடி. இதில் பின்பக்கம் 2 அடி உறங்கும் அறை; மீதி 4 அடி மேய்ச்சல் பகுதி. மொத்தம் 18 சதுர அடி, அதாவது கோழிக்கு நாலரை சதுர அடி. மாலையில் ஓரிரு மணி நேரம் வெளியே திறந்துவிடும் வீட்டில் நான்கு சிறுவிடைக் கோழிகளுக்கு இது போதும். ஐந்தாவது கோழியைத் திணிக்கக் கூடாது. கொத்திக்கொள்வது அங்கேதான் தொடங்கும். பெருவிடைக் கோழி என்றால் மூன்றோடு நிறுத்த வேண்டும். ஒரு சென்ட் நிலம் 435 சதுர அடி சொச்சம் என்பதால், தினம் ஓர் இடமாக நகர்த்தினால் முதல் இடத்துக்குத் திரும்பி வர 24 நாள் ஆகும். மழைக்காலத்தில் அதற்குள் புல் மீண்டுவிடும். கோடையில் மீளாது, அப்போது நிலம் கூடுதலாக வேண்டும், அல்லது கீரையும் காய்கறிக் கழிவும் வெட்டிப் போட வேண்டும்.

சட்டத்துக்கு இரண்டு அங்குலத்துக்கு ஒரு அங்குல ரீப்பர் ஏறக்குறைய 70 அடி பிடிக்கும். எந்த மரம் என்பதில்தான் எடையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. மலைவேம்பு, அல்லது பேக்கிங் பெட்டி பிரித்த பைன் மரம் என்றால் சட்டம் 12 கிலோ அளவில் முடியும். அதையே வேம்பிலோ கருவேலத்திலோ செய்தால் 20 கிலோவைத் தொடும். வீட்டில் பழைய தேக்கு ரீப்பர் கிடக்கிறதே என்று எடுப்பதும் பாரத்தைக் கூட்டும். மேல் சட்டங்களையும் நிற்கும் கால்களையும் ஒன்றரை அங்குல அகலத்தில் அறுக்கச் சொன்னால் இன்னும் ஒன்றரைக் கிலோ குறையும். அடிச்சட்டம் மட்டும் இரண்டு அங்குலமாகவே இருக்கட்டும். பிவிசி குழாய் எல்லாவற்றையும்விட இலேசானது. ஆனால் நம் வெயிலில் ஓரிரு ஆண்டில் மொறுமொறுத்து முறியும், இழுக்கும்போது கூண்டு பாம்புபோல் நெளியும். இரும்பு ஸ்கொயர் பைப்பில் மெல்லிய ரகம் எடுத்தால் எடை ஒத்து வரும். வெல்டிங் கூலி தனி.

மூங்கிலை விரும்புவோர் குழல் மூங்கிலை விட்டுக் கல் மூங்கிலைத் தேர்ந்தெடுக்கலாம். பச்சை மூங்கிலில் மாவுச்சத்து இருப்பதால் வண்டு துளைத்து ஆறே மாதத்தில் மாவாக்கிவிடும். இரண்டு மூன்று வாரம் குளத்து நீரில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி எடுத்தால் அந்தச் சத்து கரைந்து போகும். மூங்கிலை அறுக்கும்போது கணுவை ஒட்டி, கணு நுனியில் நிற்கும்படி அறுக்க வேண்டும். கணுவுக்கு நடுவே அறுத்தால் நுனி குழாயாகத் திறந்திருக்கும். பகலில் கோழி உண்ணி ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. இரவில் அங்கிருந்து இறங்கி வந்து கோழியின் ரத்தம் குடிக்கும். மூங்கிலில் ஆணி அடித்தால் பிளக்கும். துளையிட்டுக் கட்டுக்கம்பியால் இறுக்க வேண்டும்.

ரீப்பர் சட்டத்தில் முதலில் இரண்டு நீளப் பக்கங்களைத் தரையில் படுக்கவைத்துத் தனித்தனியே முடித்துக்கொள்ள வேண்டும். கீழே ஒரு 6 அடி, மேலே ஒரு 6 அடி, இரு முனையிலும் உறங்கும் அறை தொடங்கும் இடத்திலும் ஒவ்வொரு கால். அறையின் பின்கால் மட்டும் மற்றவற்றைவிட 3 அங்குலம் குட்டையாக இருக்க வேண்டும். கூரையின் சரிவு அதிலிருந்துதான் வருகிறது. அந்த 2 அடிக்கு மேல்சட்டத்தையும் சரிவாக வெட்டிச் சேர்க்கலாம். பிறகு இரண்டு பக்கங்களையும் நிறுத்தி, 3 அடிக் குறுக்குச் சட்டங்களால் இணைக்க வேண்டும். அடிச்சட்டத்தைப் படுக்கையாக வைக்காமல் விளிம்பில் நிறுத்தினால் இழுக்கும்போது வளையாது. இணைப்புகளுக்கு ஆணி வேண்டாம், திருகாணி போடுவது நல்லது. தினமும் அசையும் பொருளில் ஆணி மெல்ல மெல்லக் கழன்றுகொண்டே வரும்.

சதுரச் சட்டத்தை ஓரத்தில் பிடித்துத் தள்ளினால் சாய்சதுரமாகும். இதைத் தடுக்க ஒவ்வொரு நீளப் பக்கத்திலும் மூலைவாட்டில் ஒரு குறுக்குத் தாங்கி வேண்டும். கைப்பிடி உள்ள முன்பக்கத்தின் கீழ் மூலையிலிருந்து அறைக்காலின் மேல்முனைக்கு அது போக வேண்டும். தூக்கும் விசை அந்த வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. இந்த இரண்டு துண்டுகளை மிச்சம் பிடிக்க நினைத்தால் கூண்டு ஒரு மழைக்காலத்தைக் கூடத் தாண்டாது.

வலையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அறுகோணக் கண் கொண்ட கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்கும். வெளியே இருப்பவற்றைத் தடுக்காது. நாய் பல்லால் பிய்த்துவிடும். மரநாய் கண்ணுக்குள் கைவிட்டு, வலையோரம் உறங்கும் கோழியின் காலையோ தலையையோ பிடித்திழுக்கும். காலையில் பார்த்தால் கோழி உள்ளேயே செத்துக் கிடக்கும், கூண்டில் ஓட்டை எதுவும் இருக்காது. ஆகவே உறங்கும் அறை முழுவதும், மேய்ச்சல் பகுதியில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் வரையும் அரை அங்குலக் கண் உள்ள வெல்ட் மெஷ் அடிக்க வேண்டும். அதற்கு மேலும் மேல்மூடிக்கும் இலேசான கோழிவலை போதும். பருந்தையும் காக்கையையும் அது தடுக்கும். இப்படிப் பிரித்து அடிப்பதால் வலையின் எடை நாலு நாலரைக் கிலோவுக்குள் நிற்கும். வலையைச் சட்டத்தின் வெளிப்புறமாக யு ஆணியால் நாலு விரல் இடைவெளிக்கு ஒன்றாக அடித்து, வெட்டிய கம்பி முனைகளை உள்ளே நீட்டாமல் மடக்கிவிட வேண்டும். கோழியின் கண்ணைக் குத்துவது இந்த முனைகள்தான்.

உறங்கும் அறைக்குத் தரை உண்டு. மேய்ச்சல் பகுதிக்குக் கிடையாது. இந்த ஒரு ஏற்பாடு பல வேலைகளைச் செய்கிறது. அறையின் அடியில் அதே அரை அங்குல வலையை அடிச்சட்டத்தின் மேல்விளிம்பில் வைத்து அடித்தால், வலைக்கும் மண்ணுக்கும் இடையே இரண்டு அங்குலம் விலகல் கிடைக்கும். இழுக்கும்போது கல்லிலும் வேரிலும் சிக்காது. இரவில் பெருச்சாளி வளை தோண்டி ஏற முடியாது, பாம்பு நுழைய முடியாது. வலைமேல் ஒரு பழைய சாக்கை விரித்து அதில் ஒரு கூடை உமி பரப்பினால், இரவு எச்சம் முழுவதும் சாக்கில் விழும். காலையில் சாக்கின் நான்கு முனையையும் சேர்த்துப் பிடித்து எடுத்து எருக்குழியில் உதற வேண்டியதுதான்.

அறையின் சுவர்களுக்கு வலைக்கு வெளியே பனையோலைத் தட்டியோ மூங்கில் தட்டியோ கட்டலாம். பிளைவுட் கனமானது, நனைந்தால் உப்பும். தட்டியை மேல்வரை கொண்டு போகாமல் கூரைக்குக் கீழே அரை அடிக்கு வலையை மட்டும் விட்டுவைக்க வேண்டும். கோழிக்கு வியர்வை கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அந்த அரை அடி வழியாகத்தான் சூடும் ஈரமும் அம்மோனியாவும் வெளியேறும். குளிரும் என்று அஞ்சிச் சாக்கால் அதை அடைப்பவர்கள் கோழிக்குச் சளியை வரவழைக்கிறார்கள்.

உறங்கும் கொம்பு தரையிலிருந்து ஒன்றேகால் அடி உயரத்தில் குறுக்காகப் போக வேண்டும். கோழிக்கு 20 முதல் 22 சென்டிமீட்டர் இடம் என்று கணக்கிட்டால் 3 அடிக் கொம்பில் நான்கு கோழிகள் சரியாக அமரும். ஒன்றரை அங்குலக் கனம், முனை மழுங்கியது, பட்டை உரித்தது. பட்டையோடு வைத்தால் அதன் இடுக்கில் செள்ளும் உண்ணியும் குடியேறும். வழவழப்பான மூங்கில் இதற்கு ஆகாது, கால் வழுக்கும். கொம்பை ஆணி அடித்து நிறுத்தாமல் இரு பக்கமும் ஒரு பள்ளத்தில் உட்காரவைத்தால் வாரம் ஒருமுறை எடுத்து வெயிலில் போடலாம்.

முட்டையிடப் பெட்டி செய்வது வீண் பாரம். வர்ணம் தீர்ந்த 20 லிட்டர் பெயின்ட் வாளியை நன்றாகக் கழுவி, படுக்கவைத்து, வாயில் பாதிக்கு மூடியை வெட்டிப் பொருத்தி உள்ளே வைக்கோல் பரப்பினால் போதும். எடை ஒரு கிலோவுக்குள். வாளி உருளாமல் கட்டுக்கம்பியால் பிணைக்க வேண்டும். கோழி எப்போதும் இருப்பதிலேயே உயரமான இடத்தில்தான் உறங்கும் என்பதால் வாளி கொம்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அதன்மேல் படுத்து, முட்டையிடும் வைக்கோலில் எச்சமிடும். நான்கு கோழிகளுக்கு ஒரு வாளி போதும். அதற்கு நேரே பின்சுவரில் ஒரு சிறு கதவு வைத்தால் முட்டை எடுக்கக் குனிந்து உள்ளே நுழைய வேண்டியதில்லை.

கூரைக்கு மெல்லிய கால்வனைஸ் தகரம் மூன்றரை அடிக்கு இரண்டரை அடி, இரண்டரைக் கிலோ. வெறும் தகரம் சித்திரை வெயிலில் அடுப்பாகிவிடும். அதன்மேல் இரண்டு குச்சிகளைக் குறுக்கே வைத்து, காற்று ஓட ஒரு விரற்கடை இடைவெளி விட்டு ஒரு தென்னங்கீற்றுத் தட்டியைக் கட்டினால் உள்ளே வித்தியாசம் கையால் தொட்டாலே தெரியும். மழைக்காலம் தொடங்கும்போது அந்தத் தட்டியை அவிழ்த்துவிடலாம். நனைந்த கீற்று பாரமாகும், பூச்சி அடையும்.

கதவுகள் மூன்று: பின்சுவரில் முட்டைக் கதவு, மேய்ச்சல் பகுதியின் மேல்மூடியில் தீவனம் வைக்க ஒரு கதவு, அறைக்கும் மேய்ச்சல் பகுதிக்கும் இடையே மேலிருந்து கீழே இறங்கும் பலகைக் கதவு. மூன்றாவதை ஒரு கயிற்றால் வெளியிலிருந்தே ஏற்றி இறக்கும்படி இரு பக்கமும் காடி அமைக்க வேண்டும். வெளிக்கதவுகளுக்குச் சும்மா மாட்டும் கொக்கி போதாது. கொண்டியும் நாதாங்கியும் பொருத்தி, நாதாங்கியில் ஒரு கம்பி செருக வேண்டும்.

இனிச் சக்கரம். கூண்டின் பாரம் கூரையும் தட்டியும் உள்ள பின்பக்கத்தில் குவிந்திருக்கிறது. சக்கரம் அந்தப் பக்கம்தான் வர வேண்டும், கைப்பிடி எதிர்ப்பக்கம். மொத்தக் கூண்டு 25 கிலோ, கைப்பிடி முன்னால் ஓரடி நீண்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், கையில் விழும் பாரம் ஒன்பதிலிருந்து பத்து கிலோ. கோழிகள் நான்கும் அறைக்குள்ளேயே இருந்தாலும் அவற்றின் பாரம் சக்கரத்தின் மேலேயே விழுவதால் கைக்குக் கூடுவது ஒரு கிலோ சொச்சந்தான். சக்கரத்தை இடம் மாற்றி முன்பக்கம் வைத்தால் அதே கூண்டு, அதே கோழிகள், கையில் விழுவதோ 18 கிலோவுக்கும் மேல். நிறைகுடத்தைத் தாண்டிவிட்டது.

சக்கரத்தைச் சட்டத்துக்கு அடியில் பொருத்தக் கூடாது. அப்படிப் பொருத்தினால் கூண்டு எப்போதும் தரையிலிருந்து எழும்பி நிற்கும், அந்தச் சந்தில் எல்லாம் நுழையும். பின்கால்களிலிருந்து அரை அடி பின்னால் நீளும் இரண்டு கைகளில் அச்சைத் தாங்கவைத்து, கூண்டு தரையில் படிந்திருக்கும்போது சக்கரத்தின் அடி மண்ணைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். கைப்பிடியைத் தூக்கினால் பாரம் சக்கரத்துக்கு மாறும், பின்விளிம்பும் ஓர் அங்குலம் எழும்பும். இறக்கினால் சட்டம் மண்ணில் அமரும். 10 அங்குலக் குழந்தை சைக்கிள் சக்கரங்கள் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும். அதற்கு அச்சு தரையிலிருந்து 5 அங்குலத்தில் வரும். அச்சுக்கு 12 மில்லிமீட்டர் உருட்டுக் கம்பி போதும். முறுக்குக் கம்பியில் சக்கரம் சீராகச் சுற்றாது. களிமண் நிலத்தில் மெல்லிய டயர் புதையும், அங்கே பட்டையான ரப்பர் சக்கரம் தேட வேண்டும். கைப்பிடி ஒன்றரை அடி உயரத்தில் இரு பக்கச் சட்டத்திலிருந்தும் நீளட்டும். பிடிக்கும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து உருட்டிவிட்டால் கையில் சிராய் ஏறாது.

பயன்படுத்தும் வரிசை இதுதான். மாலையில் கோழிகள் தாமாக அறைக்குள் போய்க் கொம்பில் ஏறும். பலகைக் கதவை இறக்க வேண்டும். காலையில் அந்தக் கதவைத் திறப்பதற்கு முன்பே தண்ணீர்க் கிண்ணத்தையும் சாக்கையும் எடுத்துவிட்டு, கைப்பிடியைத் தூக்கி ஆறடி நகர்த்தி இறக்கி, அதன் பின்னரே கதவை ஏற்ற வேண்டும். கோழிகள் தரையுள்ள அறைக்குள் இருப்பதால் சட்டத்துக்கு அடியில் கால் நசுங்காது, முன்பக்கம் தூக்கிய சந்தில் தப்பி ஓடாது. மரத்தில் உறங்கிப் பழகிய நாட்டுக்கோழி முதலில் முரண்டும். புதுக்கூண்டில் ஒரு வாரம் வெளியே விடாமல் வைத்துப் பழக்கினால் பிறகு அந்தியானதும் தானே வந்து சேரும். தண்ணீர் கோழிக்கு நாளொன்றுக்குக் கால் லிட்டர், கோடையில் அதைப்போல் இரு மடங்கு.

கீரி நடமாட்டம் உள்ள இடத்தில் ஒரு கூடுதல் காவல் வேண்டும், ஏனெனில் அது பகலில் வேட்டையாடுவது. மேய்ச்சல் பகுதியைச் சுற்றி ஓரடி அகல வலையைத் தரையில் படுக்கையாக விரித்துக் கல் வைத்தால், விளிம்பில் தோண்ட வரும் கீரி வலைமேல் நின்றுகொண்டே தோண்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். தென்னந்தோப்பில் கூண்டை மரத்தடியில் நிறுத்தக் கூடாது; ஒரு தேங்காயோ மட்டையோ விழுந்தால் கூரையும் போகும் கோழியும் போகும். இரு வரிசைக்கு நடுவே நகர்த்த வேண்டும். மரங்களுக்கு இடையே 25 அடி இருக்கும் தோப்பில் அதற்குத் தாராளமாக இடமுண்டு. பச்சையாகத் தின்னும் வெள்ளரி, கொத்தமல்லி போன்றவற்றின் பாத்தியில் கூண்டு நின்றிருந்தால் அறுவடைக்கு நான்கு மாதம் இடைவெளி விடுவது பாதுகாப்பு.

இலேசான கூண்டைக் காற்று கவிழ்க்கும். ஆடிக் காற்று பலமாக வீசும் கோயம்புத்தூர், தேனி, தென்காசிப் பக்கங்களில் நான்கு மூலைக்கும் முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டுவது அன்றாட வேலையாகவே இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நிலம் சொதசொதத்தால் சுழற்சியை நிறுத்தி, கூண்டை மேட்டில் வைத்து மேய்ச்சல் பகுதியில் நாலு அங்குலத்துக்கு உமியோ சருகோ பரப்பிக் கிளறிக்கொண்டிருக்கலாம். புயல் எச்சரிக்கை வந்தால் கோழிகளை வீட்டுக்குள் கொண்டுவந்து பஞ்சாரத்தில் அடைப்பதே நல்லது.

பராமரிப்பில் முதலில் கவனிக்க வேண்டியது மண்ணோடு உராயும் அடிச்சட்டம். கூண்டு கட்டும்போதே அதற்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் இரண்டு பூச்சு கொடுத்து, ஒரு வாரம் நன்கு உலர்த்திய பிறகே கோழியை விட வேண்டும். ஈரமாக இருக்கும்போது அந்த எண்ணெய் தோலைப் புண்ணாக்கும், கையுறை கட்டாயம். வண்டியில் வடித்த பழைய என்ஜின் ஆயில் பூசுவது வழக்கத்தில் இருந்தாலும் தவிர்க்க வேண்டும். அது மண்ணுக்கும், மண்ணைக் கிளறித் தின்னும் கோழிக்கும், அதன் முட்டையைத் தின்னும் பிள்ளைக்கும் போகும். எவ்வளவு பூசினாலும் கூண்டில் முதலில் உளுப்பது அடிச்சட்டந்தான். திருகாணி போட்டிருந்தால் அந்தச் சட்டத்தை மட்டும் கழற்றி ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம். மரம் வாங்கும்போதே 6 அடி ரீப்பர் இரண்டு கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.